வீட்டிலேயே ஃபைபர் கார் பாகங்கள்: செய்து சூடுபட்டவன் சொல்கிறேன்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

செயலாளர் என்னை ஏன் பேசச் சொன்னார் என்று உங்களுக்குத் தெரியும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஸ்டில்ட் பார்க்கிங்கில் புகை கிளம்பி, நெடி படிக்கட்டு வழியாக மேலே ஏறியதே, அது அடியேனின் கைங்கரியம்தான். இரண்டாம் மாடியில் வீசிங் உள்ள குழந்தைக்கு அன்று இரவு நெபுலைசர் வைக்க வேண்டியதாயிற்று. பெற்றோரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். உங்கள் எல்லோர் முன்னிலையிலும் இன்னொரு முறை கேட்டுக்கொள்கிறேன்.

மன்னிப்போடு உட்கார்ந்துவிடலாம். ஆனால் நம் குடியிருப்பிலேயே மூன்று தம்பிகள் வீடியோ பார்த்துவிட்டு, கார்பன் ஃபைபரில் பானெட் செய்யலாமா அங்கிள் என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் மீதிப் பேச்சு.

நான் பி.காம். படித்து, வங்கியில் குமாஸ்தாவாக ஓய்வு பெற்றவன். இன்ஜினியர் அல்ல. என்னிடம் ஒரு பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இருக்கிறது. பின்சக்கரத்தின் மேல் வளைவு இரண்டு பக்கமும் துருப்பிடித்துவிட்டது; வலப்பக்கம் கையை வைத்தால் உதிர்கிறது. புதுத் தகடு எங்கே கிடைக்கும்? காசிமேட்டில் ஃபைபர் படகு கட்டுகிற ஒருவரிடம் நாலு நாள் நின்று தொழிலைப் பார்த்துக்கொண்டேன். படகுக்கும் காருக்கும் சரக்கு ஒன்றுதான். அமெரிக்காவில் 1953-லேயே கார்வெட் காரை முழு ஃபைபர் கண்ணாடி உடம்போடு விற்றிருக்கிறார்கள், முதல் வருஷம் 300 கார்.

முதல் அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். நல்லதாக இருந்த இடப்பக்க வளைவின் மேல் மெழுகு ஆறு பூச்சுப் பூசி, ஜெல்கோட் அடித்து, மேட் ஒட்டி, மிக அழகான அச்சு ஒன்று எடுத்தேன். எடுத்த பிறகுதான் உறைத்தது, எனக்கு வேண்டியது வலப்பக்கம்! இடது காலணியின் அச்சில் வலது காலணி வராது. கடைசியில், உடைந்த வலப்பக்கத்தையே உள்ளிருந்து ஒட்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு உருவத்துக்குக் கொண்டுவந்து, அதிலிருந்து அச்சு எடுத்தேன். வேலையில் முக்கால் பங்கு இந்தத் தேய்ப்புதான். அச்சில் மயிரிழை கீறல் இருந்தாலும் பாகத்தில் அப்படியே வந்துவிடும்.

இன்னொன்று, தெர்மோகோலில் உருவம் செதுக்கி அதன் மேல் பாலியெஸ்டர் ரெசின் ஊற்றாதீர்கள். ரெசினில் உள்ள ஸ்டைரீன் தெர்மோகோலைக் கரைத்துவிடும். எபாக்ஸி கரைக்காது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கண்ணாடி மேட் சாது. சருமம் அரிக்கும், முழுக்கைச் சட்டை போட்டால் போயிற்று. ஆபத்தெல்லாம் ரெசினில்தான். கடையில் மூன்று புட்டி தருவார்கள்: ரெசின், ஆக்சிலரேட்டர், கேட்டலிஸ்ட். ஆக்சிலரேட்டர் கோபால்ட், கேட்டலிஸ்ட் பெராக்சைடு. இந்த இரண்டையும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது, வெடிக்கும். முதலில் கோபால்டை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் கேட்டலிஸ்ட். இரண்டு புட்டியையும் ஒரே அலமாரியில்கூட வைக்காதீர்கள். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்கக் கூடாது. தெறித்துவிட்டால் அந்த நொடியே குழாயடிக்கு ஓடுங்கள், விடாமல் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்புங்கள்.

அளவு என்று பார்த்தால், 100 கிராம் ரெசினுக்குக் கேட்டலிஸ்ட் 1 முதல் 2 கிராம். நம் ஊர் வெயிலில் 1 கிராமே வேகமாக இறுகும். மேட்டின் எடையைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு ரெசின் பிடிக்கும். வேலைக்கென்று தனியாக ஒரு தராசு வாங்கிக்கொள்ளுங்கள்; சமையலறைத் தராசில் கை வைத்தால் வீட்டில் வேறு நெடி கிளம்பும்.

அன்றைக்கு என்ன நடந்தது? அரை லிட்டருக்கு மேல் ஒரே தடவையில் கலந்துவிட்டேன். பாதி மீந்தது. மீந்ததைப் பிளாஸ்டிக் மக்கிலேயே ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். ரெசின் இறுகும்போது சூடு வரும். மெல்லிசாகப் பரவியிருந்தால் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். மக்கில் மொத்தமாக இருந்தால் உள்ளேயே ஏறிக்கொண்டு போகும். மக் உருகி, புகைந்து, பக்கத்தில் அசிட்டோன் துணி வேறு கிடந்தது. வாட்ச்மேன் மணல் வாளியைக் கவிழ்த்திருக்காவிட்டால் இன்று வேறு மாதிரி கூட்டம் நடந்திருக்கும். மேலே என் ஹெரால்டுக்கு இரண்டடி தள்ளி நம் மின்சார மீட்டர் பலகை.

அந்த மீட்டர் பலகையைச் சொன்னதும் கார்பன் ஞாபகம் வருகிறது. கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும். அதைத் தேய்த்த தூள் காற்றில் மிதந்து மீட்டருக்குள் போனால் ஷார்ட் ஆகும். ஆகவே கார்பனை நம் பார்க்கிங்கில் தேய்ப்பது அறவே கூடாது.

தம்பிகளுக்கு இன்னொரு கணக்கு. இருக்கிற பானெட்டின் மேல் கார்பன் துணியை ஒட்டினால் எடை குறையாது, கூடும்! அது வெறும் அலங்காரம். கார்பனுக்கு எபாக்ஸி வேண்டும். அது இரட்டைப் பதிவுக் கணக்கு மாதிரி. ரெசினும் ஹார்ட்னரும் புட்டியில் போட்ட விகிதத்தில் டாலி ஆக வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டினால் கடைசிவரை பிசுபிசுப்புதான். மேலே வெயில் தாங்கும் கிளியர் கோட் இல்லாவிட்டால் மஞ்சள் அடிக்கும்.

முழு பானெட்டே செய்வோம் என்றால், வேண்டாம். கம்பெனி பானெட் மோதலில் நடுவில் மடங்கும்படி செய்திருப்பார்கள். நீங்கள் செய்தது பூட்டு பிய்ந்து, ஓட்டும்போதே எழும்பி முன் கண்ணாடியை அறையும். பம்பருக்கு உள்ளே இருக்கும் இரும்புச் சட்டம், ஏர்பேக் சென்சார் பக்கமும் போகாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவையும் ஒரு முறை படித்துப் பாருங்கள். சேறு தடுப்பு, டேஷ்போர்டு மூடி, ஸ்பீக்கர் பெட்டி என்று ஆரம்பியுங்கள்.

முகமூடி பற்றி ஒருவர் கேட்டார். கொரோனாவுக்கு வாங்கியது நெடிக்கு உதவாது. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் வைத்த முகமூடிதான் வேண்டும். அதுவும் போட்டுக்கொண்டவரைத்தான் காக்கும். இரண்டாம் மாடிக் குழந்தைக்கு யார் மாட்டிவிடுவது?

பார்க்கிங்கில் ரெசின் வேலைக்குத் தடை என்று தீர்மானம் வருகிறது. நான் தடைக்கு ஆதரவாகவே கை தூக்குவேன். என் டின்கள் எல்லாம் படப்பையில் ஒரு நண்பரின் திறந்த கொட்டகைக்குப் போய்விட்டன. வலப்பக்க வளைவு இன்னும் முடியவில்லை. சனிக்கிழமை காலை அங்கே இருப்பேன், பார்க்க விரும்புகிற தம்பிகள் வரலாம். பழைய சட்டையாகப் போட்டு வாருங்கள், ரெசின் பட்டால் போகாது.