பட்டாள வண்டியும் பழனி மலையும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மெக்கானிக்கல் படித்தவனைப் பேசக் கூப்பிட்டால் வண்டியைப் பற்றித்தான் பேசுவான். நானும் உங்களை ஏமாற்றப் போவதில்லை.

கொடைக்கானலுக்குக் கீழே பண்ணைக்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் நம் செட் நண்பர் ஒருவரிடம் ஒரு ஜோங்கா இருக்கிறது. ஜப்பானின் நிசான் பேட்ரோலை மூலமாகக் கொண்டு, ஜபல்பூரில் நம் ராணுவத்துக்காகச் செய்த வண்டி. 1999 வரை தயாரானது. பட்டாளத்தில் வேலை முடிந்து ஏலத்தில் வெளியே வந்தவை ஏராளம். சுமார் 4 லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். இழுவை அபாரம், பெட்ரோல் குடிப்பதும் அபாரம்! வாங்கியவர்கள் பலர் அதை இறக்கிவிட்டு டீசல் என்ஜின் ஏற்றினார்கள். நண்பரின் வண்டியிலும் அப்படித்தான்; ஆர்.சி.யிலும் பதிவாகியிருக்கிறது. பழைய என்ஜின் ஷெட்டில் கிடக்கிறது.

வண்டிக்கு வயது ஐம்பதைத் தாண்டியதும் நண்பர் கேட்டார்: "பெட்ரோல் என்ஜினையே திரும்பப் போட்டு, பட்டாளத்திலிருந்து வந்த மாதிரி ஆக்கிடலாமாடா?"

ஆசை எனக்கும்தான். ஆனால் 2021இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம் என்ன சொல்கிறது? ஐம்பது வயது தாண்டி, மூல வடிவம் மாறாத வண்டியை 'விண்டேஜ்' என்று பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அன்றாட ஓட்டத்துக்கோ வியாபாரத்துக்கோ பயன்படுத்தக் கூடாது. அதாவது, கௌரவம் வேண்டுமென்றால் மூட்டை சுமப்பதை விட்டுவிட வேண்டும்!

இத்தாலியின் கதை ஒன்று நினைவுக்கு வந்தது. 1951இல் அந்நாட்டு ராணுவத்துக்காக இரண்டு ஜீப் ரகங்கள் போட்டியிட்டன. ஆல்ஃபா ரோமியோவின் 'மட்டா'வில் இரட்டை கேம் ஷாஃப்ட், டிரை சம்ப் என்று பந்தயக் காருக்குரிய நுட்பங்கள். ஃபியட்டின் 'கம்பஞோலா'வில் சாதாரண புஷ்ராடு என்ஜின், விலையும் குறைவு. நிலைத்தது கம்பஞோலா. மட்டா சுமார் 2,000 வண்டிகளோடு 1954இல் நின்றுபோனது. இன்றைக்கு அதே மட்டாவைத் தேடிப் பிடித்துப் புதுப்பிக்கிறார்கள். வேலைக்கு ஒன்று, போற்றிப் பாதுகாக்க இன்னொன்று.

நம் ஜோங்காவுக்கு இன்னும் வேலை இருக்கிறது. மிளகும் வாழைத்தாரும் தோட்டத்திலிருந்து தார் ரோட்டுக்கு வந்தாக வேண்டும். எனவே டீசலே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். பனியிலும் மழையிலும் துருப்பிடித்த பாடியைச் சுரண்டிப் பெயின்ட் அடித்தோம். பிரேக் சிலிண்டர், ஹோஸ் எல்லாம் புதிது. இருந்தாலும் இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது; லோ கியரில் என்ஜினே வண்டியைப் பிடித்து இறக்க வேண்டும்.

டீசல் என்ஜினின் தாங்கிகள் ஆட்டம் கண்டிருந்தன. சேஸிஸை அறுத்து வெல்டிங் வைத்தால் வேலை சுலபம் என்றேன். மெக்கானிக் அண்ணன் ஒப்பவில்லை. "அறுத்துட்டா பழைய என்ஜின் அப்புறம் எங்க தம்பி உக்காரும்? இருக்கிற ஓட்டையிலயே போல்ட் போடுவோம்" என்றார். இரண்டு நாள் கூடுதலாக ஆனது. சேஸிஸில் ஒரு வெட்டுக்கூட இல்லை. ஷெட்டில் இருக்கும் என்ஜினுக்கும் கிரீஸ் பூசி, தார்ப்பாய் போட்டு வைத்திருக்கிறோம்.

நாளை நண்பரின் மகள் நினைத்தால் அந்த என்ஜினைத் திரும்ப ஏற்றி விண்டேஜ் பதிவுக்கு மனுப் போடலாம். வேண்டாமென்றால் மூட்டையே ஏற்றலாம். முடிவு அவள் கையில்.

தம்பி தங்கைகளே, நீங்களும் எதையாவது மாற்றி அமைக்கத்தான் போகிறீர்கள். அடுத்து வருபவன் கழற்றிப் பார்க்க ஒரு போல்ட்டை விட்டு வையுங்கள்.