இறக்கத்தில் நியூட்ரல் வேண்டாம்

(தோட்டக் கிளைக் கூட்டமொன்றில், ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான தோழர் ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளக் கணக்கைப் பற்றித் தலைவர் பேசிவிட்டார். எனக்குத் தந்த நேரத்தில் நான் கொழுந்து லொறியைப் பற்றிப் பேசப் போகிறேன். டீச்சருக்கு லொறியில் என்ன வேலை என்று சிலர் சிரிக்கிறீர்கள். என் அப்பா இருபது வருசத்துக்கு மேல் தோட்ட லொறி ஓட்டியவர். பள்ளிக்கூட லீவு நாளில் கிளீனர் இடத்தில் உட்கார்ந்து மடுவம் மடுவமாகப் போனவள் நான். தூர மலைக்கு வேலை போட்டால் நீங்கள் ஏறிப் போவதும் அந்த மாதிரி ஒரு லொறியில்தான். அதனால் இது சாரதிக்கு மட்டும் உள்ள விசயம் இல்லை.

முதலில் ரோட்டைப் பாருங்கள். மலையை உள்பக்கம் வெட்டி, வெட்டிய மண்ணை வெளிப்பக்கம் தள்ளி நிரப்பிய ரோட்டு இது. உள்பக்கம் கெட்டி, வெளிப்பக்கம் நிரப்பு மண். கான் அடைபட்டால் மழைத் தண்ணீர் ரோட்டைக் குறுக்கே கடந்து அந்த நிரப்பு மண்ணைத்தான் அரிக்கும். மேலே புல் பச்சையாக இருக்கும், கீழே மண் இருக்காது. மழை நாளில் அப்பா வெளிச் சக்கரத்தை விளிம்புக்குக் கொண்டுபோக மாட்டார். சந்தேகமான இடத்தில் இறங்கி, காலால் மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் லொறியை எடுப்பார். நேரமாச்சு என்று பின்னால் சத்தம் போடுவார்கள். அவர் காதில் வாங்க மாட்டார்.

சேற்றில் மாட்டினால் சிலர் அக்சிலேட்டரை மிதி மிதி என்று மிதிப்பார்கள். சக்கரம் சுழன்று தனக்குத்தானே குழி தோண்டும், வேறு ஒன்றும் நடக்காது. அப்பா கவ்வாத்து மிலாறை அள்ளி வந்து சக்கரத்துக்கு அடியில் போடச் சொல்வார். பிறகு இரண்டாம் கியரில் கிளட்ச்சை மெதுவாக விடுவார். முதல் கியரில் இழுவை கூடி வழுக்கும், இரண்டாம் கியரில் அது குறையும். ஏற்றத்தில் வேறு மாதிரி. ஏறும் முன்பே சின்ன கியரைப் போட்டுவிட வேண்டும், நடுவில் மாற்றக் கூடாது. பாதி ஏற்றத்தில் இஞ்சின் நின்றுவிட்டால் கிளட்ச்சைத் தொடாதீர்கள். அந்த நேரத்தில் கியரும் ஒரு பிடிதான். பிரேக்கை அழுத்திப் பிடித்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, ஆட்களை இறக்கிவிட வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இப்போது இறக்கத்துக்கு வருகிறேன். நான் பேச வந்ததே அதைத்தான்.

எந்த கியரில் ஏற முடியுமோ அந்த கியரில்தான் இறங்க வேண்டும் என்று பழைய சாரதிகள் சொல்வார்கள். காலை அக்சிலேட்டரில் இருந்து எடுத்தால் இஞ்சினே வண்டியைப் பிடித்து இழுத்து வைக்கும். நியூட்ரலில் விட்டால் அந்தப் பிடி போய்விடும். கிளட்ச்சை மிதித்துக்கொண்டே இறங்கினாலும் அதே கதைதான். பாரம் முழுவதையும் பிரேக் மட்டும் தாங்க வேண்டும். வளைவுக்கு வளைவு மிதிக்க மிதிக்க டிரம் சூடேறும், லைனிங் கருகும் வாசம் வரும், அதன் பிறகு எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. பாதி இறக்கத்தில் கியருக்குள் போடலாம் என்றால் அந்த வேகத்துக்கு கியர் விழவும் விழாது. இஞ்சினையே நிறுத்தி உருள விடுகிறவர்களும் உண்டு. அது இன்னும் மோசம், பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் உதவியும் போய்விடும்.

ஏன் நியூட்ரலில் விடுகிறார்கள்? டீசலை மிச்சம் பிடிக்க. இத்தனை மைலுக்கு இத்தனை லீட்டர் என்று அளந்து தருகிறார்கள், கூடினால் விளக்கம் கேட்கிறார்கள். ஆனால் தோழர்களே, அந்தக் கணக்கே பிழை. கியரில், காலை எடுத்துவிட்டு இறங்கும்போது சக்கரம்தான் இஞ்சினைச் சுற்றுகிறது, டீசல் பம்ப் ஏறக்குறைய ஒன்றும் விடாது. நியூட்ரலில் இஞ்சின் நின்றுவிடாமல் ஓட டீசல் வேண்டும். நம்முடைய மாதிரிச் செங்குத்தான இறக்கத்தில் நியூட்ரலால் ஒரு போத்தல் டீசல்கூட மிச்சமாகாது.

இது அப்பாவுக்கும் பிறகுதான் தெரிந்தது. நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது, ஒரு பின்னேரம், கொழுந்துச் சாக்குக்கு மேலே பெண்களை ஏற்றிக்கொண்டு அவர் வந்துகொண்டிருந்தார். அந்த மாதம் டீசலைக் குறைத்திருந்தார்கள். அன்றைக்கு அவரும் நியூட்ரலில்தான் விட்டார். மூன்றாவது வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. லொறியை உள்பக்க மண்மேட்டில் உரசி நிறுத்தினார். வெளிப்பக்கம் திருப்பியிருந்தால் இன்றைக்கு நான் இங்கே பேச மாட்டேன், ஏனென்றால் அந்தச் சாக்குக்கு மேலே என் அம்மா இருந்தார். அம்மாவின் இடது கை முறிந்தது. இன்றைக்கும் அந்தக் கையால் முழுக் கூடை தூக்க மாட்டார்.

விசாரணையில் அப்பாவிடம் கேட்டது ஒன்றுதான், ஏன் நியூட்ரலில் விட்டாய் என்று. லைனிங் தேய்ந்துவிட்டது என்று அவர் மூன்று தடவை சொல்லியிருந்தார். வாயால் சொன்னார், கடதாசி இல்லை. சொல்லவே இல்லை என்று மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். அப்பா செய்தது பிழைதான், அவரே ஒத்துக்கொள்வார். ஆனால் டீசலைக் குறைத்தவரையும் லைனிங் மாற்றாதவரையும் யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை.

அதனால் மூன்று விசயத்தில் நான் பிடிவாதமாக இருக்கப் போகிறேன். கொழுந்துக்கு மேலே ஆள் ஏறக் கூடாது. உயரத்தில் பாரம் கூடினால் வளைவில் லொறி சாயும், அதோடு பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றுமே இல்லை. ஆட்களுக்குத் தனி வண்டி கேட்போம், வரும் வரைக்கும் தனி நடை கேட்போம். இரண்டாவது, சாரதி மெதுவாக இறங்கினால் அவரை ஏசாதீர்கள். இஞ்சின் சத்தம் திடீரென்று அடங்கி வண்டி மட்டும் வேகம் எடுத்தால், அப்போது சத்தம் போடுங்கள், தட்டுங்கள், நிறுத்தச் சொல்லுங்கள்.

மூன்றாவது ரோட்டு. தோட்ட ரோட்டு எங்களுக்கு உரியதல்ல என்று பிரதேச சபை இனிமேல் சுலபமாகக் கைகழுவ முடியாது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்கத் தடையாக இருந்தது. அதை 2018இல் திருத்திவிட்டார்கள். மூன்றாவது வளைவையும் அடைபட்ட கானையும் படம் எடுத்து, கடிதத்தோடு கொடுப்போம். நிர்வாகத்துக்கும் ஒரு பிரதி போகட்டும். கான் வெட்ட ஆள் போடுவது இன்னும் அவர்கள் வேலைதான்.

இதோ இரண்டு கொப்பி கொண்டு வந்திருக்கிறேன், காபன் தாளும் இருக்கிறது. பிரேக், டயர், ஸ்டியரிங், எது பிழை என்றாலும் திகதி போட்டு இதில் எழுதுங்கள். ஒரு தாள் ஆபீசுக்கு, வாங்கியவர் கையெழுத்தோடு. மற்றத் தாள் கிளைச் செயலாளரிடம். எழுத நேரம் இல்லை என்றால் பிள்ளைகளை என்னிடம் அனுப்புங்கள், நான் எழுதித் தருகிறேன். சாரதி அண்ணன்மார் இரண்டு பேரும் கூட்டம் முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.