கடைசியாக வரும் குழந்தைக்கு எந்த வேடம்?

கிளப் ஹவுஸில் ஞாயிறு மாலை நம் பிள்ளைகள் ஆடும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். பகடை உருட்டி, ஆளுக்கொரு வேடம் ஏற்றுக் கதையை நகர்த்தும் அமெரிக்க விளையாட்டு. 1974-இல் வந்தபோது வேடங்கள் மூன்றுதான்: போர்வீரன், மந்திரவாதி, காயம் ஆற்றும் கிளெரிக். அடுத்த ஆண்டே திருடன் சேர்ந்தான். பூட்டைத் திறக்க ஆள் வேண்டுமே!

இந்த நாலும் இருந்தால்தான் கோஷ்டி நிறைவு என்பது பழைய நம்பிக்கை. நடப்பது என்ன? எல்லோருக்கும் வாள் வேண்டும். கடைசியாக வரும் குழந்தை தலையில் கிளெரிக் வேடம் விழுகிறது. வங்கியில் புதிதாகச் சேர்ந்தவரைக் கிழிந்த நோட்டு எண்ண உட்காரவைப்பது போல. முதல் வாரம் சிரிக்கும் குழந்தை மூன்றாம் வாரம் வராது.

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அந்தக் கட்டாயமே இல்லை. காயம் ஆற்றும் மந்திரம் பார்ட், ட்ரூயிட், பாலடின், ரேஞ்சர் வேடங்களுக்கும் உண்டு. சாதாரண மருந்துக் குப்பி 50 தங்கக் காசு. பொதுப்பணத்தில் வாங்கி ஆளுக்கொன்று கொடுங்கள். ஒரு மணி நேர ஓய்விலும் உடம்பு தேறும். அதுவும் போதாதென்றால், கதை நடத்துபவர் அரக்கர்களின் எண்ணிக்கையைக் குறைக்கட்டும்.

நாலு பேரும் வாளே எடுத்தாலும் தவறில்லை என்பது என் கருத்து. ஒருவர் பேரம் பேசட்டும், ஒருவர் வேவு பார்க்கட்டும். வேடம் எடுக்கும் முன் எல்லோரும் சேர்ந்து பேசுங்கள். கடைசியாக வந்தவரை முதலில் கேளுங்கள்.

வரும் ஞாயிறு புதிதாக இரண்டு பிள்ளைகள் சேர்கிறார்கள்.