ஆமணக்கு விதையும் அவசர அறிவிப்பும்



ஆமணக்கு விதையைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பீர்கள். வழவழவென்று, மாட்டு உண்ணியைப் போலப் புள்ளியும் வரியுமாக இருக்கும். ஆட்டினால் விளக்கெண்ணெய். மிஞ்சும் பிண்ணாக்கை வயலுக்கு உரமாகப் போடுவோமே தவிர, மாட்டுக்கு வைக்க மாட்டோம். ரிசின் என்ற நஞ்சு எண்ணெயில் கரையாமல் பிண்ணாக்கிலேயே தங்கிவிடும்.

அந்த ரிசின்தான் 2003 ஜனவரியில் லண்டனைக் கலங்கடித்தது. வுட் கிரீன் பகுதியில், மருந்துக் கடைக்கு மேலே இருந்த ஒரு வீட்டைப் போலீசார் 5ஆம் தேதி சோதனையிட்டார்கள். நஞ்சு தயாரிக்கும் முறையைக் கையால் எழுதிய தாள்களும் சில ஆமணக்கு விதைகளும் சிக்கின. இரண்டே நாளில், ரிசின் தடயம் கிடைத்துவிட்டது என்று அரசு அறிவித்தது. 1978இல் பல்கேரிய எழுத்தாளர் கியோர்கி மார்கோவ் அதே நகரத்தில் ரிசினால் கொல்லப்பட்டிருக்கிறார். மக்கள் பயந்ததில் வியப்பில்லை.

ஆனால் அந்தத் தடயத்தைக் காட்டியது, வீட்டிலேயே அவசரமாகச் செய்த முதல்கட்டச் சோதனை. ஆபத்தைத் தவறவிடக் கூடாது என்பதற்காக, சந்தேகத்துக்கு இடமிருந்தாலே ‘உண்டு’ என்று காட்டும் சோதனை அது. சல்லடையில் நின்றதெல்லாம் கல் ஆகாது, எடுத்துப் பார்க்க வேண்டும். போர்ட்டன் டவுன் ஆய்வகம் அப்படிப் பார்த்தது. ரிசின் இல்லை.

அந்த முடிவு மக்களிடம் வந்து சேரவில்லை. பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் பேசிய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல், ஈராக்கோடு தொடர்புபடுத்திக் காட்டிய நச்சுக் கும்பல்களின் வரைபடத்தில் பிரிட்டனும் இருந்தது. மார்ச்சில் போர் தொடங்கிவிட்டது.

ரிசினே இல்லை என்றால் சதியும் கட்டுக்கதைதான் என்று சிலர் வாதிட்டார்கள். அதை நான் ஏற்கவில்லை. குறிப்புகளை எழுதிய கமெல் பூர்காஸ், மான்செஸ்டரில் பிடிபட்டபோது ஸ்டீபன் ஓக் என்ற போலீஸ்காரரைக் கத்தியால் குத்திக் கொன்றவன். அவன் எண்ணம் கொடியது. செய்முறைதான் இருந்ததே, நஞ்சு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்ற எதிர்வாதம் அதைவிடக் கவலை தருகிறது. எண்ணத்துக்கும் கையிருப்புக்கும் உள்ள தூரத்தை அழித்துவிட்டு ஒரு நாட்டையே பயமுறுத்தலாமா?

2005 ஏப்ரலில் வழக்கு முடிந்தது. நஞ்சுச் சதிக்காகப் பூர்காஸுக்கு 17 ஆண்டு. அவனோடு குற்றம் சாட்டப்பட்ட நான்கு பேர் விடுதலை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கிடந்தவர்கள் அவர்கள். அந்த வீட்டில் ரிசின் இருக்கவில்லை என்பதை ஊர் கேட்டதும் அப்போதுதான்.