வானொலியும் நமது வாவியும்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்தவர் திருவள்ளுவர். அக்கேள்விச் செல்வத்தை வீட்டுத் திண்ணைக்கே கொணர்ந்த சாதனம் வானொலி. இலங்கையில் 1925 டிசம்பர் 16-ஆந் திகதி கொழும்பில் ஒலிபரப்புத் தொடங்கியது. 1949-இல் அது 'ரேடியோ சிலோன்' ஆயிற்று, 1967-இல் கூட்டுத்தாபனமாயிற்று. செய்தியும் சினிமாப் பாட்டும் மாத்திரமன்றி, கர்நாடக இசையும் நாடகமும் இலக்கியப் பேச்சும் அதன்வழி நம்மை வந்தடைந்தன.

இங்கிலாந்திலே பி.பி.சி. நிறுவனம், கலைக்கும் சிந்தனைக்குமென்றே 1946 செப்டெம்பர் 29-ஆந் திகதி 'மூன்றாம் நிகழ்ச்சி' என்னும் மாலைநேர ஒலிபரப்பை ஆரம்பித்தது. வேல்ஸ் நாட்டுக் கடலோரச் சிற்றூர் ஒன்றின் ஒருநாள் வாழ்வை டிலன் தோமஸ் என்னும் கவிஞர் நாடகமாக்கினார். 1954 சனவரியில் அது அங்கே ஒலித்தது. உலகப் புகழும் பெற்றது. நம் நாட்டு வானொலியிலும் இலங்கையர்கோனின் 'விதானையார் வீட்டில்' என்னும் நாடகம் யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழை எங்கும் பரப்பியது. ஊர்ப்பேச்சும் கலையாகும் என்பதற்கு இவை சான்றன்றோ?

நமது ஊரும் வானொலியேறியதுண்டு. கல்லடிப் பாலத்தடியில் எழும் மீனிசையை, லாங் அடிகளாரின் உதவியோடு இலங்கை வானொலி 1960-களில் ஒலிபரப்பியது. நமது விபுலாநந்த அடிகளும் அவ்விசையைச் செய்யுளிற் பாடியவர். மீனின் குரலைப் பதிந்துவைத்தார்கள். நமது மனிதரின் குரலை நாம் பதிந்தோமா?

வடமோடி, தென்மோடிக் கூத்துகள், வசந்தன் பாட்டுகள், வைகாசிச் சடங்கிலே கண்ணகையம்மன் சந்நிதியிற் பாடும் வழக்குரை ஆகியன நமது முதுசொம். பாட்டை ஏட்டிலிருந்து எடுத்து அச்சிடலாம். மெட்டும் மத்தளச் சொற்கட்டும் அண்ணாவியாரின் நாவிலும் கையிலுமே வாழ்கின்றன. அவர் கண்மூடினால் அவையும் மூடும். 'மறுகா' என்று வாய் திறந்தாற் பிறர் நகைப்பரோ என வெளியூரில் நாவை மாற்றிக்கொள்ளும் நாம், அவ்விழப்பை விரைவுபடுத்துகிறோம் அல்லவா?

ஆதலால் ஒன்று செய்வோம். மாதந்தோறும் பூரணை மாலையில் இம்மண்டபத்திற் கூடுவோம். முதல் அரைமணி நேரம் வானொலி தந்த நல்ல நாடகத்தையோ இசையையோ பேச்சையோ ஒருமிக்கக் கேட்டுக் கலந்துரையாடுவோம். அடுத்த அரைமணி நேரம் ஊர்ப் பெரியவர் ஒருவர் பாடட்டும், அல்லது பேசட்டும். இளைஞர் கைபேசியிற் பதியட்டும். பாடியவர் பெயர், ஊர், திகதி மூன்றையும் தவறாமற் குறித்து, பிரதிகளை இரண்டிடத்திற் காப்போம். பாடியவரின் சம்மதத்தோடு சிறந்தவற்றை வானொலிக்கும் அனுப்புவோம்.

பெரியோர்களே, வெட்கப்படாது பாடுங்கள். இளைஞர்களே, பொறுமையோடு கேளுங்கள். கேட்பதற்குச் செவியும் கொடுப்பதற்குக் குரலும் நம்மிடம் இருக்கும்போதே இதனைச் செய்து முடிக்க இறைவன் திருவருள் கூட்டுவதாக.