பொறியும் நெறியும்

     

புதிய பொறிகளும் அரசின் திட்டங்களும் நம் மக்கள் வாழ்வில் எவ்வாறு வந்து சேர்கின்றன என்பது பற்றிச் சில சொற்கள் கூறுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். நாம் பொறியியல் அறிஞர் அல்லோம், பள்ளி ஆசிரியர். ஆயினும் ஆண்டுதோறும் சூன் திங்களில், கையில் ஒரு பையும் பைக்குள் பத்துச் சான்றிதழ்களும் வைத்துக்கொண்டு நிற்கும் பெற்றோரைக் காண்கிறோம். அவர்கள் முகத்தில் படித்ததையே இங்குக் கூற விழைகிறோம்.

‘கடவுள் வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டும்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. அரசு ஒரு சட்டம் இயற்றுகிறது, அது வரம். அந்த வரம் குடிசையின் வாயிலுக்கு வந்து சேர்வதற்குள் எத்தனை பூசாரிகளைக் கடக்க வேண்டியிருக்கிறது! நம் முன்னோர் இதனை நன்கறிவர். மராட்டிய நாட்டில் மகாடு என்னும் ஊரின் நகராட்சி, அங்குள்ள சவுதார் குளம் அனைவருக்கும் பொது என்று 1924ஆம் ஆண்டிலேயே தீர்மானித்தது. தீர்மானம் ஏட்டில் இருந்தது. தண்ணீர் குளத்தில் இருந்தது. நம் மக்களின் நா வறண்டே கிடந்தது. 1927 மார்ச்சு 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் சென்று அந்நீரை அள்ளிப் பருகிய பின்னரே அத்தீர்மானத்துக்கு உயிர் வந்தது. அதற்காக அன்று அம்மக்கள் அடியும் பட்டனர். நம் தமிழகத்திலும் அதே 1924இல் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சென்னைச் சட்டமன்றத்தில் பொதுச் சாலை, பொதுக் கிணறு ஆகியவற்றை எல்லார்க்கும் திறந்துவிடும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார்கள். தீர்மானம் நிறைவேறிய மறுநாளே எல்லாச் சாலைகளிலும் நம் மக்கள் நிமிர்ந்து நடந்தார்களா? இல்லை. ஆணைக்கும் அனுபவத்துக்கும் இடையே உள்ள தூரத்தை ஒவ்வோர் ஊரிலும் நடந்தே கடக்க வேண்டியிருந்தது.

இன்று அந்த இடைவெளியில் ஒரு புதிய பூசாரி வந்து அமர்ந்திருக்கிறான். அவன் மனிதன் அல்லன், இயந்திரம். அவனைப் பற்றி நடுநிலையோடு பேசுதல் வேண்டும்.

முதலில் அவனால் விளைந்த நன்மைகளைச் சொல்வோம். ஒரு சாதிச் சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலகத்து வேப்பமரத்தடியில் கூலியை இழந்து நாட்கணக்கில் காத்துக் கிடந்த தலைமுறை நம்முடையது. இன்று இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, சான்று ஆயத்தமானதும் கைப்பேசிச் செய்தி பெறுகிறோம். நியாய விலைக் கடையில் நம் பெயரில் எத்தனை கிலோ அரிசி வழங்கப்பட்டது என்பதும் குறுஞ்செய்தியாக வந்துவிடுகிறது. கல்வி உதவித்தொகை மாணவனின் வங்கிக் கணக்குக்கே செல்வதால் நடுவில் கைநீட்டுவார்க்கு இடம் குறைந்திருக்கிறது. இயந்திரம் நம்மைத் தள்ளி நில் என்று சொல்வதில்லை; நம் தெரு எது என்று கேட்பதில்லை. இவை சிறிய நன்மைகள் அல்ல.

எனினும் இயந்திரத்துக்குக் கண் உண்டு, கண்ணோட்டம் இல்லை. நாற்று நட்டும், செங்கல் சுமந்தும், கல் உடைத்தும் தேய்ந்த விரல்களில் ரேகை தெளிவாக இராது. எந்த உழைப்பு அந்த ரேகையை அழித்ததோ, அந்த உழைப்புக்கு உரியவரையே ‘நீர் நீர்தானா?’ என்று இயந்திரம் வினவுகிறது! 2017 செப்டம்பரில் ஜார்க்கண்டு மாநிலம் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி மாண்டாள். ஆதாருடன் இணைக்கவில்லை என்று குடும்ப அட்டை நீக்கப்பட்டதால் மாதக்கணக்கில் அரிசி கிடைக்கவில்லை என்றும், மகள் பசியால் இறந்தாள் என்றும் தாய் கூறினார். நோயே காரணம் என்றது அரசுத் தரப்பு. அட்டை நீக்கப்பட்டிருந்தது என்பது மட்டும் மறுக்கப்படவில்லை. அதே ஆண்டு அக்டோபரில், ஆதார் இல்லாமையாலோ ரேகை பொருந்தாமையாலோ எவர்க்கும் உணவுப் பொருளை மறுத்தலாகாது என்று நடுவண் அரசு மாநிலங்களுக்கு அறிவுறுத்த நேர்ந்தது. உச்ச நீதிமன்றமும் 2018 செப்டம்பர் 26ஆம் நாள் ஆதார் வழக்கில் தீர்ப்பளித்தபோது, உரியவர் எவரும் இதன் காரணமாக விலக்கப்படலாகாது என்பதை வலியுறுத்தியது.

இங்கு இளைஞர்கள் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். கைரேகை இயந்திரம் ஜார்க்கண்டிலும் இருந்தது. 2020 அக்டோபர் முதல் தமிழகத்துக் கடைகளுக்கும் வந்தது. இயந்திரம் ஒன்றே, ஆனால் நெறி வேறு. ஏழை யார், ஏழையல்லாதார் யார் என்று சலித்துப் பிரிக்காமல், வேண்டுவோர் அனைவரையும் பொது விநியோகத்தில் சேர்த்துக்கொண்டது தமிழகம். 2011 சூன் 1 முதல் அரிசி விலையின்றியே வழங்கப்பட்டது. சல்லடை பெரிதாக இருந்தால்தானே சிந்துவோர் மிகுதியாவர்? 2025 ஆகஸ்டு 12ஆம் நாள் இன்னும் ஒரு படி எடுத்து வைக்கப்பட்டது. முதியோரும் மாற்றுத் திறனாளிகளும் இயந்திரத்தைத் தேடி வருவதற்குப் பதில், இயந்திரமும் அரிசியும் அவர்கள் வீட்டைத் தேடிச் செல்லும் ‘தாயுமானவர்’ திட்டம் அன்று தொடங்கப்பட்டது. எனவே, பொறி தன்னளவில் நன்றும் அன்று, தீதும் அன்று. அதனை ஏவும் நெறியே நன்மை தீமைகளை முடிவு செய்கிறது.

இனி, நம் உள்ளத்தை மிகவும் வருத்தும் செய்திக்கு வருகிறோம். ஏழையைச் சோதிக்க வேண்டுமானால் பொறி விரைந்து வருகிறது. நூறு நாள் வேலைக்குச் சென்றோர் உண்மையில் வந்தார்களா என்று பார்க்க, 2023 சனவரி 1 முதல் நாளுக்கு இருமுறை கைப்பேசிச் செயலியில் படம் எடுப்பது கட்டாயமாக்கப்பட்டது. குறிகாட்டி கிடைக்காத ஏரிக்கரையிலும் அந்த விதி சென்று சேர்ந்தது. ஆனால் ஏழையின் உயிரைக் காக்க வேண்டிய பொறி மட்டும் ஏன் வரவில்லை? மனிதக் கழிவை மனிதன் கையால் அள்ளுதல் கூடாது என்பதற்கு 1993இல் ஒரு சட்டம். அது போதாதென்று, பாதுகாப்பின்றிக் கழிவுநீர்க் குழிக்குள் மனிதனை இறக்குதலையும் தடுத்து 2013இல் மற்றொரு சட்டம். அக்குழிகளில் மாண்டோர் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் வழங்குமாறு 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அதனை 30 இலட்சமாக உயர்த்தியது. தொகை உயர வேண்டியிருந்தது என்றால் சாவு நிற்கவில்லை என்பதுதானே பொருள்?

இதற்குப் பொறி இல்லையா என்றால், இருக்கிறது. கேரளத்தில் பொறியியல் கல்லூரியில் உடன்படித்த இளைஞர் சிலர் சேர்ந்து, ஆள் இறங்காமல் குழியைத் தூர்வாரும் ‘பேண்டிகூட்’ என்னும் எந்திரத்தை உருவாக்கினர். 2018இல் அது திருவனந்தபுரத்தில் பணிக்கு வந்தது. சந்திரனின் தென்முனையருகே 2023 ஆகஸ்டு 23ஆம் நாள் கலம் இறக்கிய நாடு நம் நாடு. அதனை எண்ணிப் பெருமை கொள்கிறோம். ஆனால் முப்பதடிக் குழிக்குள் ஓர் இயந்திரத்தை எல்லா ஊர்களிலும் இறக்குவது அதனினும் அரிய செயலா? அரிது அன்று. இறங்குபவன் யார் என்பதால் அது அவசரமாகத் தோன்றவில்லை; அவ்வளவே. ஆகவே இளைஞர்களே, எந்தப் புதுப் பொறியைக் கண்டாலும் இரண்டு வினாக்களை எழுப்புங்கள்: இது யாரைச் சோதிக்க வந்தது? யாரைக் காக்க வந்தது?

அடுத்து, நம் பிள்ளைகளின் படிப்போடு நேரே தொடர்புடைய செய்தி. 1942இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக அமர்ந்த அண்ணல் அம்பேத்கர், ஒடுக்கப்பட்டோர் குறைகளை எழுத்தில் வடித்து அரசின் முன் வைத்தார். 1944இல் பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை தொடங்கப்பட்டது. இச்சங்கத்தில் இன்று பட்டம் பெற்று அமர்ந்திருக்கும் பலரும் அந்த மரத்தின் நிழலில் ஒதுங்கியவர்களே. 2020 டிசம்பரில் நடுவண் அமைச்சரவை இத்திட்டத்தைத் திருத்தி, செலவில் 60 விழுக்காட்டை நடுவண் அரசும் 40 விழுக்காட்டை மாநில அரசும் ஏற்பது என்றும், தன் பங்கினை மாணவர் கணக்கில் நேரே செலுத்துவது என்றும் முடிவு செய்தது. பணம் இருக்கிறது, வழியும் இருக்கிறது. பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள்?

நாம் அறிந்த மாணவி ஒருத்தி செவிலியர் படிப்பில் சேர்ந்தாள். உதவித்தொகை அனுப்பப்பட்டுவிட்டதாகக் கணினி கூறிற்று. அவள் கணக்கிலோ ஒரு ரூபாயும் இல்லை. கட்டணம் செலுத்தாதவளுக்குத் தேர்வு நுழைவுச் சீட்டு இல்லை என்று கல்லூரி கூறியது. தந்தை ஆட்டை விற்றுப் பாதிக் கட்டணத்தைக் கட்டினார். மூன்று திங்கள் அலைந்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. ஊருக்கு வந்த முகவர் ஒருவர் முகாம் நடத்தி அவளுக்கு வேறொரு கணக்கைத் தொடங்கி ஆதாரை அதனோடு இணைத்திருந்தார். பணம் அங்கே உறங்கிக்கொண்டிருந்தது. கடைசியாக எந்தக் கணக்கோடு ஆதார் இணைக்கப்பட்டதோ அக்கணக்குக்கே பணம் செல்லும் என்ற விதியை அவளுக்கு ஒருவரும் கூறவில்லை. விண்ணப்பத்தில் எந்த எண்ணை எழுதினாலும் பணம் போகும் வழி அதுவே.

மற்றொரு தடை பெயர். தமிழர்க்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தே தலைப்பெழுத்து. பள்ளிச் சான்றில் ‘மு. செல்வி’, ஆதாரில் ‘செல்வி முனுசாமி’, வங்கியில் ‘செல்வி எம்’. நமக்கு மூவரும் ஒருத்தியே. கணினிக்கு மூன்று பெண்கள்! மூன்றாவது தடை ரேகை. குழந்தைக்கு 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகையையும் கருவிழியையும் புதுப்பித்தல் வேண்டும். இதனைப் பெற்றோர் பலர் அறியார். பத்தாம் வகுப்பு முடித்துச் சேர்க்கைக்கு ஓடும்போதுதான் பழைய ரேகை பொருந்தவில்லை என்பது தெரிகிறது. உதவித்தொகை தருகிறோம் என்று தொலைபேசியில் அழைத்து, கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணைக் கேட்டுக் கணக்கைத் துடைத்துச் செல்லும் கயவரும் உண்டு. எந்த அரசு அலுவலரும் அந்த எண்ணைக் கேட்கமாட்டார் என்பதை ஒவ்வொரு தாய்க்கும் சொல்லி வையுங்கள்.

இவற்றுக்கு நாம் செய்யத்தக்கது யாது? இச்சங்கத்திற்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது: ஆண்டுதோறும் மே, சூன் திங்கள்களில் இக்கட்டடத்தின் முன்னறையில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் போடுங்கள். கணினி அறிந்த இளைஞர் இருவர் அமரட்டும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் பெயர், பிறந்த நாள், ரேகை, சாதிச் சான்று, வங்கி இணைப்பு ஆகிய ஐந்தையும் சரிபார்த்துத் திருத்திவிட்டால், பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்போது அப்பிள்ளை அலைய வேண்டியதில்லை. வெள்ளம் வருமுன் அணை கோலுவதே அறிவுடைமை.

இரண்டாவது: ‘கம்ப்யூட்டரில் வரவில்லை’ என்ற விடையோடு எவரும் வீடு திரும்பலாகாது. ஏன் வரவில்லை, எந்த விதியின்படி வரவில்லை, யார் திருத்த வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். அலுவலகத்தார் வாய் திறவாவிடில் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணத்தில் மனு அளித்தால் 30 நாட்களுக்குள் விடையளித்தாக வேண்டும். கணினி என்பது சுவரன்று. அதன் பின்னால் பொறுப்புள்ள ஒரு மனிதர் இருக்கிறார். அவரைக் கண்டறிவதே நம் பணி. ஊர்தோறும் வரும் மறுப்புகளை ஒரு பேரேட்டில் பதிந்து வையுங்கள். ஒருவர் குறை முறையீடு. நூறு பேர் குறை சான்று. சான்றோடு செல்பவனை எவரும் எளிதில் திருப்பியனுப்ப முடியாது.

மூன்றாவது, இளைஞர்களுக்கு. கருவியைப் பயன்படுத்துவோராக மட்டும் நின்றுவிடாதீர்கள். அதனை ஆக்குவோராகவும், விதியை எழுதுவோராகவும் ஆகுங்கள். எல்லார்க்கும் குடும்பப் பெயர் உண்டு என்று எண்ணிப் படிவம் வரைந்தவர்க்கு நம் செல்வியைத் தெரியாது. எல்லார் விரலிலும் ரேகை இருக்கும் என்று கருதியவர் செங்கல் சூளையைக் கண்டிரார். அவர் தீயவர் அல்லர், நம்மிடையே வாழாதவர். அந்த மேசையருகே நம் பிள்ளை ஒருவன் அமர்ந்திருந்தால், “ஐயா, ரேகை விழாவிட்டால் என்ன செய்வது?” என்று தொடக்கத்திலேயே கேட்டிருப்பான். அந்த ஒரு வினா எத்தனை பேர் பசியைத் தடுத்திருக்கும்! பொறியியல் படியுங்கள், சட்டம் படியுங்கள், அரசாணைகளை வரி விடாமல் படியுங்கள். குழிக்குள் இறங்கும் எந்திரத்தை எல்லா ஊர்களுக்கும் கொண்டுவரும் பொறியாளரும், அதற்குப் பணம் ஒதுக்கும் அலுவலரும், ஒதுக்காதபோது தட்டிக் கேட்கும் வழக்கறிஞரும் இந்த மன்றத்திலிருந்தே எழ வேண்டும்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இச்சங்கத்தைத் தொடங்கியோர், நம் பிள்ளை பள்ளியின் படியேற வேண்டும் என்று எண்ணினர். ஏறிவிட்டனர். இனி வரும் இருபத்தைந்து ஆண்டுகளில், படியேறிய பிள்ளையைப் பாதியில் இறக்கிவிடும் தடை எதுவாயினும், அது மனிதனாயினும் இயந்திரமாயினும், அதனை அடையாளம் கண்டு அகற்றும் பணி நம்முடையது. முன்னறையில் அந்த மேசையைப் போடும் நாளை இன்றே குறியுங்கள். பள்ளி முடிந்த மாலைகளில் அங்கு வந்து அமர நாமும் ஆயத்தமாக இருக்கிறோம்.