ஃபோர்ட்ரான் மொழி நிலைக்குமா?



கணிப்பொறிக்கு ஏவல் இடுவதற்கென்று ஆக்கப்பட்ட மொழிகளுள் மூத்த ஒன்றின் எதிர்காலத்தைப் பற்றி இன்று சிறிது சிந்திக்க விழைகிறோம். அதன் பெயர் ஃபோர்ட்ரான். சூத்திரப் பெயர்ப்பு என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே அப்பெயர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இதன்பால் ஒரு பற்று உண்டானதற்கு அதுவே காரணம்.

ஜான் பாக்கஸ் என்பார் தலைமையில் ஐ.பி.எம். நிறுவனத்தார் 1957இல் இதனை வெளியிட்டனர். அதன்பின் ஒரு சமன்பாட்டைக் கணித நூலில் காண்பதைப் போலவே ஏறக்குறைய எழுதிப் பொறிக்கு உணர்த்த இயன்றது. 1963இல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 1620 பொறி வந்தபோது மாணாக்கர் பயின்றதும் இம்மொழியே.

இன்று நிரல் எழுதக் கற்போர் பெரும்பாலும் பைத்தானை நாடுகின்றனர். ஃபோர்ட்ரான் என்றால் துளையட்டைக் காலத்து மொழியன்றோ என்று நகைப்போரும் உளர். அவர்கள் பைத்தானில் செய்யும் அணிக் கணக்குகளுக்கு அடியில் லாபாக் என்னும் நிரல் தொகுப்பின் வழிமுறைகள் இருப்பதையும், அத்தொகுப்பு ஃபோர்ட்ரானில் எழுந்தது என்பதையும் அறியார் போலும்! நொய்டாவிலுள்ள தேசிய வானிலை முன்னறிவிப்பு மையம் கையாளும் மாதிரிகளுள் ஒன்று பிரிட்டிஷ் வானிலை அலுவலகத்தாருடையது. அதுவும் ஃபோர்ட்ரானால் ஆனதே.

அங்ஙனமாயின், பழைய நிரல்களைப் புதுமொழிகளில் பெயர்த்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். மொழிபெயர்ப்பின் இடர் இங்கேதான் தலைகாட்டுகிறது. பொறி எண்களைக் குறித்த இலக்கங்களுக்குள் முழுமையாக்கியே கணக்கிடுகிறது. ஆகவே, கூட்டும் வரிசை மாறினாலும் கடைசி இலக்கம் மாறக்கூடும். வானிலைக் கணக்கிலோ அச்சிறு வேற்றுமை நாளடைவில் பெருகும். பத்தாம் நாள் மழை வேறிடத்தில் பெய்வதாக விடை வருமாயின், பிழை பெயர்ப்பினுடையதா, முழுமையாக்கலினுடையதா என்று தெளிவது எளிதன்று. போதாக்குறைக்கு, தனியே அறிவிக்காதவிடத்து, 'ஐ' முதல் 'என்' வரையுள்ள ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் பெயர் முழுவெண்ணைக் குறிக்கும் என்பது இம்மொழியின் பழைய மரபு. இதனை அறியாதார் கையில் மூலமே வேறு பொருள் தந்துவிடும்.

ஸ்விட்சர்லாந்தின் வானிலைத் துறையினர் இத்துணை இடரையும் ஏற்று, தம் மாதிரியின் மையப் பகுதியை சி++ மொழியில் மாற்றி எழுதினர். வரைகலைச் செயலிகளில் ஓடும் அம்மாதிரி 2016 முதல் அன்றாட முன்னறிவிப்புக்குப் பயன்பட்டது. பிரிட்டிஷ் அலுவலகத்தாரோ, எல்ஃபிரிக் என்னும் புதிய மாதிரியையும் ஃபோர்ட்ரானிலேயே எழுதத் துணிந்தனர். ஆண்டுக்கணக்கில் பழகிய அறிவியலார் தாமே படித்துத் திருத்தக்கூடிய மொழி இதுவாதலின், இம்முடிவே நமக்கு உகந்ததாகத் தோன்றுகிறது.

இம்மொழி மீண்டும் பெருவழக்காகும் என்று நாம் கருதவில்லை. பொறிகளால் இதற்கு உடனடி ஆபத்தும் இல்லை. 2023இலும் புதிய தரநிலை ஒன்று வெளியாயிற்று. ஃப்ளாங் போன்ற புதிய தொகுப்பிகளும் உருவாகி வருகின்றன. குறைவது ஆட்களே. அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்து அறிக்கையொன்று, அடுத்த 15 ஆண்டுகளில் இம்மொழி வல்லார் போதிய அளவில் கிடைப்பார் என்று நம்புவதற்கில்லை என்று 2023இல் எச்சரித்தது. நம் பல்கலைக்கழகங்களில் வானிலையியலும் இயற்பியலும் பயில்வோர்க்கு ஒரு பருவமேனும் இதனைக் கற்பித்து, ஓடிக்கொண்டிருக்கும் மாதிரி ஒன்றையே பாடமாக வைத்து வாசிக்கச் செய்தால், நொய்டா போன்ற இடங்களுக்கு வேண்டிய ஆட்கள் அவர்களுள் சிலராவது கிடைப்பர்.